ஒன்றரை மடங்கு

இரண்டு மாதமாக ஒரு விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எழுதினாலாவது தெளியுமா என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா மகள் கல்லூரி விடுமுறைக்கு எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். பத்தொன்பது வயது. நான் பழைய படங்களே கதி என்று கிடப்பவன் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் அவளாகவே, "மாமா, நீங்க அடிக்கடி சொல்ற அந்த ஜப்பான் படத்தைப் பார்க்கலாம்னு இருக்கேன்" என்றாள். யாசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி', 1953. வயதான ஒரு தம்பதி பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ போகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை. ஊர் திரும்பியதும் அம்மா இறந்துபோகிறாள். கதை அவ்வளவுதான். சின்ன வயதுக்காரர் ஒருவர் தானாகக் கேட்டு அந்தப் படத்தைப் பார்க்கிறார் என்றால் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்! கூடவே உட்கார்ந்து, அதைப் பார் இதைப் பார் என்று தொந்தரவு செய்யக் கூடாது என்று நானே எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், படம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கணக்குப்படி அப்பாவும் அம்மாவும் கடற்கரை விடுதிக்கு அனுப்பப்படும் இடத்தை இப்போதுதான் எட்டியிருக்க வேண்டும். ஆனால் அவர்கள் ஊருக்கு ரயில் ஏறிக்கொண்டிருந்தார்கள். திரையின் ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தது: 1.5.

"ஏன், பிடிக்கலையா?" என்று கேட்டேன்.

"பிடிச்சிருக்கு மாமா. கொஞ்சம் மெதுவாப் போகுது, அதான். எனக்கு ஜப்பான் மொழி தெரியாது. எப்படியும் கீழ வர்றதைப் படிச்சுத்தான் புரிஞ்சுக்கிறேன். நான் படிச்சு முடிச்ச அப்புறமும் அவங்க பேசிக்கிட்டே இருக்காங்க."

எனக்குக் கோபம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. படம் முடிந்த பிறகு, அவள் சரியாகப் பார்த்திருக்க மாட்டாள் என்ற நினைப்பில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். மூத்த மகன் என்ன வேலை செய்கிறான், போரில் இறந்த மகனின் மனைவி மாமியாரை எப்படிப் பார்த்துக்கொண்டாள், மகள் துக்க வீட்டில் அம்மாவின் துணிமணிகளை ஏன் கேட்டாள், கடைசியில் அந்தக் கைக்கடக்கமான பழைய கடிகாரம் யாரிடம் போனது. எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். மகள் செய்தது தப்பு என்று எனக்குத் தோன்றும். "அப்படி இல்ல மாமா, அந்தக்கா அழுது முடிச்சிட்டுத்தான் கேட்டாங்க" என்று நான் கவனிக்காத ஒன்றையும் எடுத்துச் சொன்னாள்.

என்னை உறுத்தியது அதுதான். 136 நிமிடப் படத்தை 91 நிமிடத்தில் முடித்திருக்கிறாள். கதையில் ஒன்றையும் விடவில்லை. அப்படியானால் மிச்சமான அந்த 45 நிமிடத்தில் என்ன இருந்தது? நான் இத்தனை வருடமாக உயர்த்திப் பேசிவந்தது வெறும் தாமதத்தைத்தானா? அன்று ராத்திரி அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

ஓடி ஓடி நடந்தவர்கள்

சிறுவயதில் எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அந்தக் காலத்து மனிதர்கள் வேறு மாதிரி நடப்பார்கள் என்று நினைத்திருந்தேன். ஊமைப்படத் துண்டுகளையும் பழைய செய்திப் படங்களையும் தொலைக்காட்சியில் பார்த்து வந்த நம்பிக்கை அது. எல்லோரும் விறுவிறுவென்று, சாவி கொடுத்த பொம்மை மாதிரி, கையைக் காலை வெட்டி வெட்டி நடப்பார்கள். தலைவர்கள் வண்டியிலிருந்து துள்ளி இறங்குவார்கள். சவ ஊர்வலம்கூட ஓட்டமும் நடையுமாகப் போகும். நாங்கள் பிள்ளைகள் எல்லாம் அதைப் பார்த்துச் சிரிப்போம்.

காரணம் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தக் காலத்துக் கேமராவைக் கையால் சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு 8 ஃபிரேம், அதாவது 8 அசையாத படங்கள், பதிவாகும். நொடிக்கு இரண்டு சுற்று, ஆக 16 ஃபிரேம். இது பொதுவான கணக்கு. சுற்றுகிறவர் கையைப் பொறுத்து முன்னே பின்னே இருக்கும். 1920களின் கடைசியில் பேசும் படம் வந்தது. ஒலிக்கு நிலையான வேகம் வேண்டும், வேகம் ஆடினால் குரலும் ஆடும். அதனால் நொடிக்கு 24 ஃபிரேம் என்று நிர்ணயித்தார்கள். தியேட்டர்களில் எல்லா இயந்திரங்களும் அந்த வேகத்துக்கு மாறின. பிறகு யாராவது ஒரு பழைய ஊமைப்படத்தை எடுத்து அதே இயந்திரத்தில் போட்டால் என்ன ஆகும்? 16ல் எடுத்தது 24ல் ஓடும்.

24ஐ 16ஆல் வகுத்தால் ஒன்றரை.

அன்று ராத்திரி படுக்கையில் கிடந்து இந்தக் கணக்கு மண்டையில் உறைத்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அக்கா மகள் ஒரு பொத்தானை அழுத்தி வைத்த அதே வேகம். ஒரு தலைமுறை முழுவதையும், அவர்களுடைய கல்யாணங்களையும் போர்களையும் சாவுகளையும், நாம் பல பத்தாண்டுகளாக இதே ஒன்றரை மடங்கில் பார்த்துச் சிரித்திருக்கிறோம். அவர்கள் நம்மை மாதிரித்தான் நடந்தார்கள். நாம்தான் அவர்களை ஓட வைத்தோம்.

இதை இவ்வளவு நேர்க்கோடாகச் சொல்லிவிடவும் முடியாது. ஊமைப்பட நகைச்சுவை நடிகர்களான சாப்ளினும் கீட்டனும் சில காட்சிகளில் வேண்டுமென்றே கேமராவை மெதுவாகச் சுற்ற வைத்தார்கள், திரையில் வேகமாகத் தெரியட்டும் என்று. துரத்தல் காட்சிகளில் அந்த வேகம் அவர்கள் கேட்டு வாங்கியது. அது தவிர, கூடுதலாக ஒரு காட்சி ஓட்டுவதற்காகத் தியேட்டர்காரர்கள் அந்தக் காலத்திலேயே வேகத்தைக் கூட்டி ஓட்டியதும் உண்டு. ஆக, சரியான வேகம் எது என்பது ஊமைப்பட ஆராய்ச்சியாளர்களுக்கே படத்துக்குப் படம் உட்கார்ந்து தீர்க்க வேண்டிய வழக்கு. நம் ஊமைப்படங்கள் விஷயத்தில் அந்த வழக்கையும் நடத்த முடியாது, வேகத்தைச் சரிசெய்யப் படச்சுருளே ஏறக்குறைய மிஞ்சவில்லை. 1931ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்'கூட இன்று இல்லை.

பீட்டர் ஜாக்சன் 2018ல் எடுத்த முதல் உலகப் போர் ஆவணப்படத்தை இங்கே சொல்லியாக வேண்டும். லண்டனில் உள்ள போர் அருங்காட்சியகத்தின் நூறு வருடத்துக்கு முந்தைய படச்சுருள்களை எடுத்து, ஒவ்வொரு துண்டும் என்ன வேகத்தில் சுற்றப்பட்டது என்று கண்டுபிடித்து, நடுவில் இல்லாத ஃபிரேம்களைக் கணினியில் உருவாக்கி இயல்பான வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர்களை வைத்து, சிப்பாய்கள் என்ன பேசினார்கள் என்றும் கண்டுபிடித்துக் குரல் கொடுத்தார்கள். வண்ணமும் பூசினார்கள். கறுப்பு வெள்ளைக்கு வண்ணம் பூசுவது எனக்கு எப்போதுமே பிடிக்காது, இதிலும் வண்ணம் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அந்த வேகம்! ஒரு பையன் கேமராவைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவனிடம் என்னவோ சொல்லி, கூச்சத்தோடு தலையைத் திருப்பிக்கொள்கிறான். அவ்வளவுதான். வேகம் கூட்டி ஓட்டினால் அது வெறும் தலை ஆட்டம். சரியான வேகத்தில் அவன் யாரோ ஒருவருடைய பிள்ளை.

பழைய படம் என்றாலே மெதுவா?

இந்த இடத்தில் அக்கா மகள் பக்கமும் பேச வேண்டும். பழைய படம் எல்லாம் நிதானமானது, நிதானம் எல்லாம் உயர்ந்தது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. என்னால் உட்கார முடியாத பழைய படங்கள் எத்தனையோ உண்டு. பேசும்படம் வந்த முதல் சில வருடங்களில் கேமரா போடும் சத்தம் ஒலிப்பதிவில் விழக் கூடாது என்று அதைக் கூண்டு மாதிரி ஒரு பெட்டிக்குள் அடைத்து வைத்தார்கள். நடிகர்கள் ஒலிவாங்கியை விட்டு நகர முடியாது, கேமராவும் நகராது. அந்தப் படங்களில் பல இன்றைக்கு அசையவே அசையாமல் கிடக்கின்றன. அதை அழகியல் என்று சொல்லிச் சப்பைக்கட்டு கட்ட நான் தயாராக இல்லை. நம் படங்களில் கதையோடு எந்த ஒட்டும் இல்லாமல் தனியாக எடுத்துச் செருகிய நகைச்சுவைப் பகுதிகளிலும் பாதியை நான் தாண்டித்தான் பார்ப்பேன்.

இரண்டாம் உலகப் போரின்போது கச்சா ஃபிலிமுக்குத் தட்டுப்பாடு வந்து, 1943ல் படத்தின் நீளம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று இந்தியாவில் அரசாங்கம் உத்தரவு போட்டது. நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆக, இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அதுவரை அதைவிட நீளமாக எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அதற்குள் அடங்க வேண்டியதாயிற்று. என்னைக் கேட்டால் அதில் நல்லதும் நடந்தது. 1944 தீபாவளிக்கு வந்து மூன்று தீபாவளிகளைப் பார்த்த பாகவதரின் 'ஹரிதாஸ்' அந்தக் கட்டுப்பாட்டுக்குள் எடுத்த படம்தான். குறைப்பது தப்பில்லை. எதைக் குறைப்பது என்று எடுத்தவர்கள் உட்கார்ந்து யோசித்தார்கள்.

வேகமான பழைய படங்களை ஏன் யாரும் நினைப்பதில்லை என்பதும் எனக்குப் புரியவில்லை. 'பராசக்தி' நீதிமன்றக் காட்சியை ஒன்றரை மடங்கில் ஓட்டிப் பாருங்கள், காது பிடிக்காது. சிவாஜி அதில் ஏற்கெனவே கொட்டுகிறார். கொட்டிவிட்டு ஓரிடத்தில் சட்டென்று நிறுத்துவார் பாருங்கள், அந்த நிறுத்தம் எவ்வளவு நேரம் என்பதில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது. ஹோவர்ட் ஹாக்ஸ் 1940ல் எடுத்த பத்திரிகை அலுவலக நகைச்சுவைப் படத்தில் ஒருவர் பேசி முடிப்பதற்குள் அடுத்தவர் ஆரம்பித்துவிடுவார். இன்றைய படம் எதுவும் அந்த வேகத்துக்குப் பக்கத்தில் வராது. ஆக, பழசு புதுசு என்பதே இங்கே பிரச்சினை இல்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நானே எந்தப் படத்தையும் சரியான வேகத்தில் பார்த்து வளர்ந்தவன் இல்லை. நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் இருந்த தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 ஃபிரேம். 24ல் எடுத்த சினிமாவை அப்படியே 25ல் ஓட்டிவிடுவார்கள். 4 சதவீத வேகம் கூடும், இரண்டரை மணி நேரப் படம் 6 நிமிடம் முன்னாலேயே முடிந்துவிடும். குரலும் சுருதியில் ஒரு பொடி ஏறியிருக்கும். நான் உயிரை விட்டுக் கேட்ட பாட்டுகள் பல, பாடினவர்கள் பாடின சுருதியில் என் காதுக்கு வந்ததே இல்லை. எனக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லையே! அந்த 6 நிமிடம் போனதில் அழாத நான் இந்த 45 நிமிடத்துக்கு மட்டும் ஏன் அழ வேண்டும்?

இந்தக் கேள்வியில் வந்து பல நாள் நின்றுபோனேன். இப்போதுள்ள கருவிகளில் வேகத்தைக் கூட்டினாலும் குரல் மாறுவதில்லை, கணினி சுருதியைப் பிடித்து வைத்துவிடுகிறது. அந்தக் காலத்து ஒலிநாடாவை வேகமாக ஓட்டினால் குரல் கீச்சென்று ஆகி, காது உடனே இது இயல்பில்லை என்று சொல்லிவிடும். இப்போது காதும் சொல்வதில்லை. இதை ஒரு காரணமாகச் சில நாள் வைத்திருந்தேன். அதுவும் போதவில்லை.

ஜன்னல்

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பத்தொன்று முடிந்துவிட்டது. அம்மா போய் நான்கு வருடம். ஏழு மாதத்துக்கு முன்னால் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் ஓரளவு தேறிவிட்டன. பேச்சு மட்டும் தாமதம். அறிவில் ஒரு குறையும் இல்லை, நாம் சொல்வது எல்லாம் புரிகிறது. சொல்ல வேண்டிய வார்த்தைதான் வர மறுக்கிறது. ஒரு வார்த்தை வரும், பிறகு நீண்ட இடைவெளி, உதடு அசைந்து அசைந்து நிற்கும், இடது கை விரல்கள் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டும், அடுத்த வார்த்தை வரும். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் முதல் நாளே எங்களிடம் சொன்னார்: "அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருங்க. வாக்கியத்தை நீங்க முடிச்சுக் குடுக்காதீங்க." நான் தலையாட்டினேன்.

ஒருநாள் காலை அப்பா என்னைக் கூப்பிட்டு, "ஜன்னல்..." என்றார். நின்றார். விரல் தட்டியது. "சாத்தணுமாப்பா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினார். "ஜன்னல்... அந்த..." "திரைச்சீலையை இழுத்து விடணுமா? வெயிலா?" இல்லை. "இன்னும் கொஞ்சம் திறக்கணுமா?" அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரி, மறந்துவிட்டார்போல என்று ஜன்னலைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்து வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். மறுநாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே. மூன்று நாளில் அந்த ஜன்னலைச் சாத்தினேன், திறந்தேன், துடைத்தேன், திரையைக் கழற்றித் துவைத்துப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் அவருக்கு உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நான் உள்ளே வந்தபோது அக்கா மகள் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா "ஜன்னல்..." என்றார். அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். வாயில் "சாத்தணுமா" வந்துவிட்டது, எப்படியோ அடக்கிக்கொண்டேன். "நாற்காலி..." என்றார் அப்பா. அவள் "ம்" என்றாள். விரல் தட்டிக்கொண்டே இருந்தது. "அந்தப் பக்கம்... திருப்பு." அவள் எழுந்திருக்கவில்லை, இன்னும் இருக்கிறது என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. "தெருவுல... ஒரு பையன்..." இடைவெளி. "சைக்கிள்... பழகுறான்."

அது மொத்தம் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். அவள் எழுந்து நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாள். கீழே ஆறேழு வயதுப் பையன் ஒருவன் பெரிய சைக்கிளில் குரங்குப்பெடல் போட்டுக்கொண்டு போனான். அப்பா குனிந்து பார்த்தார்.

நான் அடுத்த அறையில் போய் உட்கார்ந்தேன். நிதானமான படங்களுக்காக இருபது வருடமாக வாதாடுகிறவன் நான், படத்தை ஒன்றரை மடங்கில் ஓட்டுகிறவள் அவள். என் அப்பாவை மூன்று நாளாக வேகமாக ஓட்டியது யார்? அவர் வாக்கியத்தின் கதை எனக்கு முன்கூட்டியே தெரியும் என்று நினைத்தேன். ஜன்னல் என்றால் சாத்துவது, திறப்பது, வெயில். இதைவிட வேறென்ன இருக்க முடியும்? அந்தத் தாமதத்தை நான் வெற்றிடமாகக் கணக்கு வைத்துவிட்டேன். அதற்குள் ஒரு பையன் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான்.

அவள் மேல் இருந்த கோபம் அன்றோடு போயிற்று. ஆனால் கேள்வி போகவில்லை. அன்று ராத்திரி 'டோக்கியோ ஸ்டோரி'யின் முதல் பத்து நிமிடத்தைத் தனியாக உட்கார்ந்து இரண்டு வேகத்திலும் ஓட்டிப் பார்த்தேன்.

தொடக்கத்தில் அந்த வயதான இருவரும் பயணத்துக்கு மூட்டை கட்டுகிறார்கள். காற்றடைக்கும் தலையணை ஒன்றைக் காணவில்லை. உன்னிடம்தானே கொடுத்தேன் என்கிறார் அவர். என்னிடம் இல்லை என்கிறாள் அவள். நடுவில் பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னலோரம் நின்று பேசிவிட்டுப் போகிறாள். மறுபடி அவர், இல்லாமல் எங்கே போகும், நன்றாகத் தேடிப் பார் என்கிறார். பிறகு அது அவரிடமே கிடைக்கிறது. ஒன்றரை மடங்கில் பார்த்தால் இது ஒரு சின்னத் தமாஷ். மறதிக்காரக் கிழவர், பழியைப் பெண்டாட்டி மேல் போட்டார், அவரிடமே இருந்தது. சரியாகப் புரிகிறது.

அதன் வேகத்திலேயே பார்த்தபோது என் கண் அந்த அம்மாவிடம் போயிற்று. கிடைத்துவிட்டது என்று அவர் சொன்னதும், கிடைத்ததா என்று கேட்கிறாள். அதோடு சரி. சொன்னேனா பார் என்பது இல்லை, பெருமூச்சு இல்லை, சிரிப்புகூட இல்லை. இப்படி எத்தனை தலையணை, எத்தனை வருடம்! அவர் குற்றம் சொல்லியிருப்பார், அவளும் விட்டிருப்பாள். இது கதையில் எங்கேயும் இல்லை. யாராவது என்னிடம் படத்தின் கதையைக் கேட்டால் நானும் சொல்ல மாட்டேன், சொல்லவும் வராது. அவர்களுக்கு நடுவில் இருக்கும் அந்த இடைவெளியின் நீளத்தில் மட்டும்தான் அது இருக்கிறது. நீளத்தைச் சுருக்கினால் அது பாதியாகக் குறைவதில்லை, இல்லாமலே போய்விடுகிறது.

அந்த அப்பாவாக நடித்த சிஷு ரியுவுக்கு அப்போது 49 வயது. மூத்த மகளாக வருகிறவருக்கும் அவருக்கும் நிஜத்தில் சில வருடங்கள்தான் வித்தியாசம். எழுபது வயதுக்காரராக அவரை நம்ப வைப்பது ஒப்பனை மட்டும் இல்லை. உட்காரும்போது முதுகு தளர்வது, பதில் சொல்லும் முன் ஒரு "ம்" போட்டுக்கொள்வது, விசிறியை வீசும் கதி, திரும்பிப் பார்க்க எடுத்துக்கொள்ளும் நேரம் என்று எல்லாம் நிதானத்தால் கட்டியது. ஒன்றரை மடங்கில் அவர் சுறுசுறுப்பாக விசிறிக்கொண்டு, சட்டென்று திரும்பி, உடனே பதில் சொல்கிறார். 49 வயது ஆள் வெளியே வந்துவிடுகிறார்.

மூன்று சாயங்காலம்

இதை அக்கா மகளிடம் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் அவளே, "மாமா, அந்தப் படத்தைத் தாத்தாவோட பார்க்கலாமா?" என்றாள். எனக்குத் தயக்கம். கீழே ஓடும் ஆங்கில எழுத்தை அப்பாவால் இப்போது படிக்க முடியாது. தவிர, மனைவி இறக்கிற கதை. "நான் படிச்சுச் சொல்றேன்" என்றாள்.

அப்படித்தான் பார்த்தோம். ஒவ்வொரு வசனத்தையும் அவள் தமிழில் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே நேரம் போதவில்லை. ஓர் இடத்தில் நிறுத்தி, யோசித்து, அந்த அம்மா இப்படித்தான் சொல்லியிருப்பார் என்று வார்த்தையை மாற்றிச் சொல்லிவிட்டு மறுபடி ஓட விடுவாள். அப்பா கையைத் தூக்கினால் அவர் ஏதோ சொல்லப்போகிறார் என்று அர்த்தம், அதற்கும் நிறுத்துவாள். முதலில் எனக்குப் பொறுக்கவில்லை. படத்தை இப்படித் துண்டு துண்டாக நிறுத்தி ஓட்டுவதும் அதற்குச் செய்கிற அநியாயம்தானே என்று உள்ளுக்குள் குமைந்தேன். அரை மணி நேரத்தில் அதுவும் போய்விட்டது. அந்த 136 நிமிடப் படத்தை மூன்று சாயங்காலங்களில் பார்த்து முடித்தோம்.

கடைசிக் காட்சியில் அந்தக் கிழவர் தனியாக உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டுப் பெண், முதல் காட்சியில் வந்தவள், அதே ஜன்னலோரம் வந்து ஒரு வார்த்தை பேசுவாள். தனியாக இருந்தால் இனிமேல் பொழுது ரொம்ப நீளமாகத் தெரியும் என்று அவர் சொல்வார். அதை மொழிபெயர்க்கும்போது அக்கா மகளின் குரல் இறங்கிவிட்டது. நான் அப்பாவைப் பார்க்கவில்லை.

படம் முடிந்து சிறிது நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. அப்பா கையைத் தூக்கினார்.

"அந்த..." என்றார். காத்திருந்தோம். அழுகிறாரோ என்று நினைத்தேன், இல்லை. விரல் தட்டியது. "காத்து... தலகாணி." அக்கா மகள் "ம், சொல்லுங்க தாத்தா" என்றாள். உதடு அசைந்து அசைந்து நின்றது. தெருவில் ஒரு வண்டி போய், அதன் சத்தம் முழுக்க ஓய்ந்தது.

"அது இப்போ... யாருகிட்ட இருக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். பத்துத் தடவைக்குக் குறையாமல் பார்த்த படம். கடிகாரம் யாரிடம் போனது என்று அவளைக் கேள்வி கேட்ட எனக்கு, தலையணை என்ன ஆயிற்று என்று ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை.

"இருங்க தாத்தா, பார்ப்போம்" என்று அவள் ரிமோட்டை எடுத்துப் படத்தை முதலிலிருந்து போட்டாள். அப்பா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். கல் விளக்கு, அதற்குப் பின்னால் தண்ணீர், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், வீட்டுக் கூரைகளுக்கு நடுவே ஒரு ரயில்.